பிரெஞ்சு இடதுசாரிக் கூட்டணி: கொடி ஒன்று, கொள்கை பல

(வாலிபர் அரசியல் வகுப்பொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் வாசகம்)



பிரான்ஸ் தேசத்து இடதுசாரிக் கூட்டணியின் கொள்கை யாது என்பதே இன்று எம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட தலைப்பு. இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை பகர்வதாயின், அக்கூட்டணிக்குரிய கொள்கை ஒன்றன்று, பல என்றே கூறுதல் வேண்டும். பல கொள்கையினர் ஒரு கொடியின் கீழ் நிற்பது எவ்வாறு? எதுவரை நிற்பர்? எந்த இடத்தில் பிரிவர்? அவர்கள் கூடும்போதும் பிரியும்போதும் நன்மையடைபவர் யார், கைவிடப்படுபவர் யார்? இக்கேள்விகளையே இன்று நாம் ஆராய எண்ணுகின்றோம்.

2024ஆம் ஆண்டு யூன் 9ஆந் திகதி நடைபெற்ற ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில், தீவிர வலதுசாரிகளான தேசியப் பேரணிக் கட்சியினர் நூற்றுக்கு 31 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றனர். அன்றிரவே ஜனாதிபதி மக்ரோன் தேசிய சபையைக் கலைத்தார். முதல் நாள்வரை ஒருவரையொருவர் வசைபாடி நின்ற இடதுசாரிக் கட்சிகள் மறுநாளே ஒரு மேசையில் அமர்ந்தன. நான்கே நாள்களில் பொது வேலைத்திட்டம் ஒன்றும், தொகுதிப் பங்கீடு ஒன்றும் தயாராயின. அடிபணியாப் பிரான்ஸ் இயக்கத்துக்கு 229 தொகுதிகள். சோசலிஸ்ட் கட்சிக்கு 175. பசுமைக் கட்சிக்கு 92. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 50. இவ்வாறு பிறந்ததே புதிய மக்கள் முன்னணி. முன்னாள் ஜனாதிபதி ஒல்லாந்தும், ட்ரொட்ஸ்கிய மரபில் வந்த பிலிப் பூத்தூவும் ஒரே முன்னணியின் அபேட்சகர்களாக நின்றனர். ஒல்லாந்தின் அரசாங்கம் 2016இல் கொண்டுவந்த தொழிற்சட்டத்தை எதிர்த்து வீதியில் இறங்கியவர்களுள் பலர், 2024இல் அவரோடு ஒரே பட்டியலில் இடம் பெற்றனர் என்றால், இக்கூட்டின் விரிவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான்கு ஊற்றுக்கள்

இக்கூட்டணியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அதில் வந்து கலக்கும் ஊற்றுக்கள் எவையென முதலில் அறிதல் வேண்டும்.

முதலாவது, சோசலிஸ்ட் மரபு. 1905இல் பிளவுண்டு கிடந்த பிரெஞ்சு சோசலிஸ்டுகள் ஒரு கட்சியாக இணைந்தனர். குடியரசையும் சோசலிசத்தையும் பகையாகக் கருதாது, முன்னதன் நிறைவே பின்னது என்று போதித்தவர் ழான் ஜோரஸ். 1914 யூலை 31ஆந் திகதி, உலகப் போரின் வாயிலில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாராளுமன்றத்தின் மூலம் சீர்திருத்தம் என்ற நெறியை இம்மரபு இன்றுவரை விட்டிலது.

இரண்டாவது, கம்யூனிஸ்ட் மரபு. 1920 டிசம்பரில் தூர் நகரில் கூடிய சோசலிஸ்ட் மகாநாட்டில் பெரும்பான்மையினர் மூன்றாம் அகிலத்தில் சேர முடிவு செய்தனர். சிறுபான்மையினர் லெயோன் புளூமின் தலைமையில் பழைய கட்சியிலேயே நின்றனர். ஒரே குடும்பம் அன்று இரண்டாயிற்று. பிரெஞ்சு இடதுசாரி ஒற்றுமை பற்றிய ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் அந்தத் தூர் மகாநாட்டுப் பிளவை ஒட்டவைக்கும் முயற்சியே எனினும் மிகையாகாது.

மூன்றாவது, பசுமை மரபு. வேளாண் விஞ்ஞானி ரெனே துய்மோன் 1974இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று, இயற்கையின் எல்லையை அரசியற் பிரச்சினையாக்கினார். 1984இல் பசுமைக் கட்சி தோன்றியது. உற்பத்தி பெருகப் பெருகத் தொழிலாளி வாழ்வான் என்ற பழைய இடதுசாரி நம்பிக்கையையே இவர்கள் கேள்விக்குள்ளாக்கினர்.

நான்காவது, அடிபணியாப் பிரான்ஸ். இதன் தலைவர் மெலன்ஷோன் முன்னாள் சோசலிஸ்ட். ஜொஸ்பன் அரசாங்கத்தில் மந்திரியாகவும் இருந்தவர். 2005இல் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தம் சர்வசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது சோசலிஸ்ட் கட்சித் தலைமை ஆம் என்றது. அவர் இல்லை என்றார். மக்களில் நூற்றுக்கு 54 வீதத்துக்கு மேற்பட்டோரும் இல்லை என்றே தீர்ப்பளித்தனர். 2008இல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார். 2016இல் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். அரசியல் நிர்ணய சபை ஒன்றைக் கூட்டி ஆறாவது குடியரசை நிறுவுதல் அதன் தலையாய கோரிக்கை.

முன்னொரு காலத்தில் ஐந்தாவது ஊற்றொன்றும் பெருகி ஓடியது. அதுவே ராடிகல் கட்சி. சமயத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் பெருமை. சிறுவணிகனும் சிறுவிவசாயியும் அவர்களின் பலம். ராடிகலின் இருதயம் இடப்பக்கம், பணப்பை வலப்பக்கம் என்று பிரெஞ்சுக்காரர் பரிகாசம் செய்வதுண்டு. 1936இன் கதையை அறிய இப்பணப்பையை நாம் மறக்கலாகாது.

தேர்தற் சட்டம் கட்டிய தாலி

இத்தனை வேறுபாடுடையோர் ஏன் சேர்கின்றனர்? அச்சமும் நல்லெண்ணமும் ஒருபுறமிருக்க, சட்டமும் ஒரு காரணமாகும். பிரெஞ்சுத் தேசிய சபைத் தேர்தல் இரு சுற்றுக்களில் நடைபெறுவது. முதற் சுற்றில் எவரும் அறுதிப் பெரும்பான்மை பெறாவிடின், முதலிரு இடங்களைப் பெற்றோரும், பதிவு பெற்ற வாக்காளர் தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீத வாக்குகளைப் பெற்றோருமே இரண்டாஞ் சுற்றுக்குத் தகுதி பெறுவர். இடதுசாரிகள் நால்வர் ஒரே தொகுதியில் தனித்தனியே நின்றால், நால்வரும் முதற் சுற்றிலேயே வெளியேறுவது பல தொகுதிகளில் நிச்சயம். எனவே, கூடுதல் அவர்களின் விருப்பம் மட்டுமன்று. உயிர் பிழைக்கும் வழியுமாகும். விகிதாசார முறையில் நடைபெறும் ஐரோப்பியத் தேர்தலில், இதே கட்சிகள் அதே 2024ஆம் ஆண்டில் தனித்தனியே நின்றன என்பதைக் கவனியுங்கள். சட்டம் மாறினால் நட்பும் மாறுகின்றது.

1936: அப்பம், சமாதானம், சுதந்திரம்

1934 பெப்ரவரி 6ஆந் திகதி பாஸிசச் சார்புடைய சங்கங்கள் பாரிஸ் நகரில் தேசிய சபையை நோக்கிக் கலகம் விளைத்தன. ஆறு நாள்களின் பின்னர், பொது வேலைநிறுத்த தினத்தன்று, சோசலிஸ்டுகளின் ஊர்வலமும் கம்யூனிஸ்டுகளின் ஊர்வலமும் எதிரெதிரே வந்தன. மோதல் நேருமென்று பலர் அஞ்சினர். ஊர்வலங்களோ ஒன்றாய்க் கலந்தன. தலைவர்களுக்கு முன்னரே தொண்டர்கள் ஒற்றுமையைச் செய்து முடித்தனர். பின்னர் ராடிகல் கட்சியும் சேர்ந்தது. அப்பம், சமாதானம், சுதந்திரம் என்ற மூன்று சொற்களே முன்னணியின் கோஷம்.

1936 மே மாதத் தேர்தலில் முன்னணி வென்றது. புளூம் பிரதம மந்திரியானார். கம்யூனிஸ்டுகள் 72 ஆசனங்களைப் பெற்றும் மந்திரி சபையில் சேராது வெளியே நின்று ஆதரித்தனர். சுமார் 20 இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஆலைகளைத் தம் வசம் வைத்திருந்தனர். யூன் மாதத்தில் மத்தினியோன் மாளிகையில் முதலாளிமாரும் தொழிற்சங்கத்தாரும் உடன்படிக்கை செய்தனர். கூலி உயர்ந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், வருடத்துக்கு இரு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சட்டமாயின. வாக்குரிமையே பெறாதிருந்த பெண்ணினத்தைச் சேர்ந்த மூவர் துணை மந்திரிகளாயினர்.

இத்துணை நன்மை செய்த முன்னணி ஏன் நிலைக்கவில்லை? வெளியே ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போர். உதவ வேண்டுமென்றனர் கம்யூனிஸ்டுகள், தலையிடலாகாதென்றனர் ராடிகல்கள், இடையில் தத்தளித்தார் புளூம். உள்ளே பணம் நாட்டை விட்டு ஓடியது. 1937 யூனில் அவர் கேட்ட நிதி அதிகாரத்தைச் செனட் சபை மறுக்கவே பதவி துறந்தார். அச்சபையில் ராடிகல்கள் செல்வாக்குடையோர் என்பதை நினைவிற் கொண்டால், முன்கூறிய பணப்பை எப்பக்கம் இருந்தது என்பது விளங்கும்.

மேசையில் ஆசனமில்லாதோர்

இவ்விடத்தில், ஐரோப்பிய நூலாசிரியர் பலர் விரைந்து கடந்து செல்லும் ஓர் அத்தியாயத்தில் நாம் சற்றுத் தரித்தல் வேண்டும்.

அல்ஜீரியாவில் இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட முஸ்லிம்களுக்கு, அவர்தம் சமயச் சட்டத்தைத் துறக்காமலே வாக்குரிமை வழங்க, புளூமும் வியொலெத்தும் ஒரு மசோதாவைத் தயாரித்தனர். இலட்சக்கணக்கானோருள் இருபதாயிரம் பேர்! அதுவும் குடியேற்றவாதிகளின் எதிர்ப்பால் சபையில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. மறுபுறம், மெஸ்ஸாலி ஹாஜ் தலைமையில் அல்ஜீரிய விடுதலை கோரிய வட ஆபிரிக்க நட்சத்திரம் என்ற இயக்கம், மக்கள் முன்னணியில் தானும் பங்குகொண்ட இயக்கம், 1937 சனவரியில் அந்த முன்னணி அரசாங்கத்தாலேயே கலைக்கப்பட்டது.

தமிழ் மண்ணிலும் இம்முன்னணியின் நிழல் விழுந்தது. அக்காலத்தில் புதுச்சேரி பிரான்ஸின் ஆட்சியில் இருந்தது. புளூம் பதவியேற்று இரு மாதம் நிறைவதற்குள், 1936 யூலை 30ஆந் திகதி, புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பன்னிருவர் மாண்டனர். பாரிஸ் தொழிலாளி ஆலையில் அமர்ந்து கூலி உயர்வு பெற்ற அதே கோடை காலத்தில், அதே கொடியின் கீழ் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி குண்டடிபட்டான். எனினும் கதை அத்துடன் முடியவில்லை. வ. சுப்பையா முதலானோர் விடாது போராடினர். 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்கென விசேட தொழிற்சட்ட ஆணை பிறந்து, எட்டு மணி நேர வேலைநாளுக்கும் தொழிற்சங்க உரிமைக்கும் வழி வகுத்தது. பாரிஸில் இடதுசாரி அரசாங்கம் இருந்தமையால் அது எளிதாயிற்று. புதுச்சேரியில் தொழிலாளர் இயக்கம் இருந்தமையாலேயே அது நடந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

எழுதிய திட்டமும் எழுதாத கருத்தும்

1972 யூன் மாதத்தில் மித்தரானின் சோசலிஸ்ட் கட்சியும் மார்ஷேயின் கம்யூனிஸ்ட் கட்சியும் பொது வேலைத்திட்டம் ஒன்றில் கையொப்பமிட்டன. இடதுசாரி ராடிகல்களும் பின் சேர்ந்தனர். 1936இன் கோஷத்தைப் போலன்றி, எவ்வெக் கைத்தொழிலைத் தேசியமயமாக்குவது என்றெல்லாம் விரித்து எழுதிய ஆவணம் அது. ஆயினும், தேசியமயமாகும் கம்பெனிகளின் கிளைக் கம்பெனிகள் அதில் அடங்குமா என்ற வாதம் 1977இல் எழுந்தது. செப்டெம்பரில் கூட்டு முறிந்தது. வழக்குமன்றப் பழக்கமுடையோர் இதனை நன்கு அறிவர்: இரு தரத்தாரும் ஒரே வாசகத்தில் கையொப்பமிட்டு, இரு வேறு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒப்பந்தம் கடதாசியில் மட்டுமே உண்டு.

இன்னுமொன்று. ஒற்றுமையால் இருவரும் சமமாக வளர்வதில்லை. 1978இல் நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற கம்யூனிஸ்டுகள், 1981 ஜனாதிபதித் தேர்தலில் 15 வீதத்துக்கு இறங்கினர். மித்தரான் ஜனாதிபதியானார். நான்கு கம்யூனிஸ்டுகள் மந்திரிகளாயினர். மரண தண்டனை ஒழிந்தது. ஓய்வுபெறும் வயது 60 ஆயிற்று. ஐந்தாவது வார விடுமுறை கிடைத்தது. பெரும்பாலான வங்கிகள் அரசுடைமையாயின. ஆனால் 1983 மார்ச்சில் அரசாங்கம் சிக்கனப் பாதைக்குத் திரும்பியது. மறுவருடம் கம்யூனிஸ்டுகள் வெளியேறினர்.

மொழியும் தன்னாட்சியும்

1997இல் ஜொஸ்பன் ஐந்து கட்சிகளைச் சேர்த்துப் பன்மை இடதுசாரி அரசாங்கத்தை அமைத்தார். வாரத்துக்கு 35 மணி நேர வேலை அவ்வரசாங்கத்தின் சாதனை. ஆயின் எமது மக்களுக்கு அதன் வேறொரு பகுதியே பெரிதும் பாடமாகும்.

1999இல் பிரதேச மொழிகள் பற்றிய ஐரோப்பியப் பட்டயத்தில் அவ்வரசாங்கம் கையொப்பமிட்டது. பிறெத்தோன், பாஸ்க், கோர்சிக்கா மொழி முதலியன பேசுவோர் மகிழ்ந்தனர். அரசியலமைப்புச் சபையோ, குடியரசின் மொழி பிரெஞ்சு என்றும், குடியரசு பிரிக்கப்படாதது என்றும் சுட்டிக்காட்டி, பட்டயம் அரசியலமைப்புக்கு முரணெனத் தீர்த்தது. அடுத்த ஆண்டு கோர்சிக்காத் தீவுக்கு ஓரளவு தன்னாட்சி வழங்க ஜொஸ்பன் முன்வந்தபோது, அவரின் உள்நாட்டு மந்திரியும் கூட்டணிக் கட்சியொன்றின் தலைவருமான ஷெவென்மோன் பதவி துறந்தார். அவரும் இடதுசாரியே! ஒற்றையாட்சிக் குடியரசே சமத்துவத்தின் காவல் என்று கருதிய இடதுசாரி அவர். பன்மையே சமத்துவத்தின் வடிவம் என்று கருதிய இடதுசாரிகள் பசுமைக் கட்சியினர். செல்வத்தைப் பங்கிடுவதில் ஒன்றுபட்டோர், அதிகாரத்தைப் பங்கிடுவதில் இரண்டுபட்டனர்.

விளைவு யாது? 2002இல் ஷெவென்மோன் தனித்து நின்று 5 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். பசுமைக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, இடதுசாரி ராடிகல்கள் என ஒவ்வொருவரும் தனித்தனியே நின்றனர். ஜொஸ்பன் 16.18 வீதம், தீவிர வலதுசாரி லெ பென் 16.86 வீதம். இரண்டாஞ் சுற்றில் இடதுசாரிக்கு இடமே இல்லாது போயிற்று.

அண்மைக் காலம்

2022இல் மெலன்ஷோன் ஏறக்குறைய 22 வீதம் பெற்றார். சோசலிஸ்ட் அபேட்சகர் 1.75 வீதமே பெற்றார். மூத்தவனும் இளையவனும் இடம் மாறினர். அவ்வாண்டுக் கூட்டணி 650 பிரேரணைகளைக் கொண்ட திட்டமொன்றை வெளியிட்டது. அதில் ஐரோப்பிய ஒப்பந்தங்கள் குறித்து, கீழ்ப்படியாமை என்றது அடிபணியாப் பிரான்ஸ். தற்காலிக விலக்கு என்றது சோசலிஸ்ட் கட்சி. அணுமின்சாரத்தைக் கம்யூனிஸ்டுகள் ஆதரித்தனர்; ஏனையோரிற் பலர் எதிர்த்தனர். 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலைப் பயங்கரவாதம் என்ற சொல்லால் குறிப்பதா என்ற வாதத்தில் அக்கூட்டு உடைந்தது.

2024 திட்டத்தில் இவற்றுட் சில சொல்லளவில் தீர்க்கப்பட்டன. உக்ரேனுக்கு ஆயுத உதவி, பலஸ்தீன அரசை அங்கீகரித்தல், ஹமாஸின் கொலைகளைப் பயங்கரவாதம் எனக் குறித்தல் ஆகியன எழுத்தில் இடம்பெற்றன. ஓய்வு வயதை 64 ஆக்கிய சட்டத்தை நீக்குதல், குறைந்த பட்ச மாதச் சம்பளத்தை 1,600 யூரோவாக்குதல் என்பனவற்றில் அனைவரும் ஒன்றுபட்டனர். அணுமின்சாரத்தைப் பற்றியோ திட்டம் வாய்திறவாது சென்றது.

யூலை 7ஆந் திகதி முன்னணி சுமார் 180 ஆசனங்களுடன் முதலிடம் பெற்றது. பெரும்பான்மைக்கு 289 வேண்டும். வேலைத்திட்டம் வகுக்க நான்கு நாள்கள் போதுமாயிருந்த கட்சிகளுக்கு, பிரதமர் பதவிக்கு ஒரு பெயரைச் சொல்லப் பதினாறு நாள்கள் ஆயின. லூசி காஸ்தேயின் பெயர் வந்தது. ஜனாதிபதி அதனை ஏற்க மறுத்து, செப்டெம்பரில் வலதுசாரி பார்னியேயை நியமித்தார். டிசம்பரில் பார்னியேயை வீழ்த்துவதில் முன்னணியினர் ஒன்றாய் வாக்களித்தனர். அதன்பின் எது செய்வது என்பதில் பிரிந்தனர். 2025 பெப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தை ஒட்டிய நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரிக்கச் சோசலிஸ்ட் கட்சி மறுத்தது. அக்டோபரில், ஓய்வூதியச் சட்டத்தை இடைநிறுத்துவதாகப் பிரதமர் லெகொர்னு வாக்களித்ததன் பேரில் மீண்டும் அக்கட்சித் தலைமை மறுத்தது. தீர்மானம் 18 வாக்குகளால் தோற்றது. இதனைத் துரோகம் என்றனர் மெலன்ஷோன் அணியினர். தொழிலாளிக்குக் கைமேற் கிடைத்த பயன் என்றனர் சோசலிஸ்டுகள். 1920இல் தூர் நகரில் எழுந்த வாதத்தின் எதிரொலி நூற்றைந்து ஆண்டுகளின் பின்னும் ஓயவில்லை.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இவ்வாதம் எமது நாட்டுக்கு அந்நியமன்று. 1938இல் பாரிஸ் நகரருகே தோன்றிய நான்காம் அகிலத்தில் லங்கா சமசமாஜக் கட்சி பின்னர் அங்கம் வகித்தது. 1964இல் சிறீமாவோ அரசாங்கத்தில் அது சேர்ந்தபோது, முதலாளித்துவக் கட்சியுடன் கூட்டா என்று கேட்டு அவ்வகிலம் அதனை விலக்கியது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த அக்கட்சியின் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவே, 1972இல் சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதன்மை வழங்கிய அரசியலமைப்பை நிறைவேற்றிவைத்த மந்திரியாகவும் இருந்தார். மெஸ்ஸாலி ஹாஜின் கதையை இதனருகே வைத்துப் பாருங்கள்.

ஆகையால் கூட்டணியே கூடாதென்று நாம் கூறவில்லை. தனித்து நின்று தோற்பதில் தூய்மை இருக்கலாம். 40 மணி நேர வேலைச் சட்டம் அதனால் வந்திராது. ஆயினும் எந்தக் கூட்டணி எம் வாயிலுக்கு வந்து கைநீட்டினும், மூன்று கேள்விகளைக் கேட்டே கை கொடுத்தல் வேண்டும்.

முதலாவது, உடன்படிக்கையில் எழுதாது விடப்பட்டது யாது? மௌனம் சம்மதமன்று, நாளைய பிளவின் விதை அது.

இரண்டாவது, எதிரியை வீழ்த்திய மறுநாள் செய்யவேண்டியதில் உடன்பாடு உண்டா? எதிர்ப்பில் பிறந்த ஒற்றுமை, எதிரி சரிந்த அன்றே சோதனைக்குள்ளாகின்றது.

மூன்றாவது, மேசையில் ஆசனமில்லாதோரின் உரிமைக்குப் பிணையாக நிற்பவர் யார்? சிறுபான்மையோனுக்கும் தொலைதூரத் தொழிலாளிக்கும் உரியதைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் கூட்டணியில், அந்தப் பின்னர் என்பது பெரும்பாலும் வருவதில்லை. வந்த இடத்தில், புதுச்சேரியைப் போல, அவர்தம் சொந்த இயக்கமே அதனை வரச் செய்தது.

தோழர்களே, பாரிஸில் நல்லரசு அமைவதற்காகக் காத்திராது, தம் ஆலை வாயிலிலேயே சங்கம் அமைத்தவர்களே பாரிஸின் சட்டத்தையும் தம் பக்கம் திருப்பினர். எமது கடமையும் அத்தகையதே. கிராமந்தோறும் கிளை அமைப்போம். கோரிக்கைகளை ஐயந்திரிபற எழுதி வைப்போம். அதன் பின்னரே எவருடனும் பேசச் செல்வோம்.